மழை உண்டா, ஆடு சுகமா

இன்று காலை அமீரகத்துப் புஜைராவில் எங்கள் பிரசவ வார்டுக்கு வந்த பெண்ணின் முக்காட்டில் இஞ்சி போட்ட காப்பி வாசம். எனக்கு நாகர்கோவில் சுக்குக்காப்பி அல்லவா நினைவுக்கு வர வேண்டும்? வந்தது அமீனா.

அமீனா எங்கள் வார்டைத் துடைத்துக்கொண்டிருந்த எரித்திரியாக்காரி. அவள் முக்காட்டிலும் இதே வாசம்தான். எல்லோரிடமும் அரபி பேசுவாள். அதுதான் அவள் தாய்மொழி என்று நானே முடிவு கட்டியிருந்தேன். என்னை யாராவது மலையாளி என்றால் மட்டும் மூக்குக்கு மேல் கோபம் வரும். என் லட்சணத்தைப் பாருங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. அவள் நாட்டுப் பெண் ஒருத்தி பிரசவத்துக்கு வந்தாள், அனலாய்க் காய்ச்சல். அரபி தெரியாது. எரித்திரியா என்றதும் அந்நாட்டுத் திக்ரிஞா மொழி பேசும் டிரைவரை இழுத்துவந்தேன். அதுவும் அவளுக்குப் புரியவில்லை. கையில் ஆன்டிபயாட்டிக் ஊசி. அலர்ஜி உண்டா என்று கேட்காமல் போடக்கூடாது. அவள் முனகியது காதில் விழுந்ததும் அமீனா மாப்பைப் போட்டுவிட்டு வந்தாள்.

"சிஸ்டர், இது எங்க சாஹோ பாஷை."

சொல்லிவிட்டு அமீனா அவளிடம் சாவகாசமாக என்னென்னவோ விசாரித்தாள்.

"யல்லா, சீக்கிரம் அமீனா, என்ன கேக்குற?"

"வீடு சுகமா, மழை உண்டா, ஆடு சுகமான்னு."

"ஆடா? ஊசியக் கேளு."

"இதக் கேக்காம அத எப்படிக் கேக்க? எங்க வழக்கம் இதுதான். இல்லன்னா வாயத் தொறக்க மாட்டா."

ஆடு முடிந்த பிறகுதான் அந்தப் பெண் சொன்னாள். போன பிரசவத்தில் இப்படி ஒரு ஊசி போட்டு, தொண்டை அடைத்து, சாகக் கிடந்தாளாம். ஊசியைக் கீழே வைத்தேன். டாக்டரிடம் சொல்ல ஓடினேன்.

அப்புறம் அந்த மூன்று கேள்விகளையும் அமீனாவிடம் கற்றுக்கொண்டேன். நான் சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். விசா முடிந்து அவள் போய்விட்டாள். அவள் போன் நம்பர் இப்போது வேலை செய்யவில்லை.

இன்று வந்தவளுக்கும் காய்ச்சல், முனகலும் அதே சாஹோ. வார்டில் இப்போது மொழிபெயர்க்கும் கருவி இருக்கிறது. பட்டியலை மேலும் கீழும் தேடினேன், சாஹோ இல்லை. அலர்ஜி கேட்க வழியில்லாமல் டாக்டர் அந்த ஊசிக்குப் பதில் வேறு மருந்து எழுதினார். அதுவும் ஆகாது என்றால்? மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து அவள் மூச்சையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பயம் தாங்காமல் அந்த மூன்றையும் வரிசையாகக் கேட்டுவிட்டேன். முகம் மலர்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு மளமளவென்று சொல்லிக்கொண்டே போகிறாள். இதில் எது ஆடு, எது ஊசி என்று சொல்ல அமீனா இல்லை.