தங்கையன் மாமா போன தடம்

தங்கையன் அவர்கள் சுடுகாட்டுக்குப் போக வேண்டிய பாதையை நாற்று நட்டு அடைத்தவர்கள் எங்கள் தெருக்காரர்கள். அஞ்சலிக் கட்டுரையை இப்படித் தொடங்கக் கூடாதுதான். வேறு எப்படித் தொடங்கினாலும் பொய்யாகிவிடும்.

கும்பகோணத்தில் நான் வேலை பார்க்கும் அச்சகத்துக்குப் போன் வந்தது. பேசியவன் பங்காளி முருகேசன். "மாமா போயிட்டாருடா" என்றான். அடுத்து, "நட்ட பயிரு இன்னும் பச்சை பிடிக்கல. எப்படித் தூக்கிட்டுப் போறது?" என்றான். முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் சாவுச்சேதி எங்கள் ஊரில் இப்படித்தான் வருகிறது. குடவாசல் பக்கம் இருக்கும் எங்கள் தெருவுக்குச் சுடுகாடு உண்டு, பாதை கிடையாது. இடையில் கிடப்பது பண்ணை வீட்டு வயல். பிணத்தோடு அதில் இறங்க வேண்டும். மிதிபட்ட பயிரை அன்று சாயங்காலத்துக்குள் தெருப் பெண்கள் கூலியில்லாமல் நட்டுக் கொடுக்க வேண்டும். இதற்கு வழக்கம் என்று பேர் வைத்திருக்கிறோம்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தங்கையன் அவர்கள் அதே பண்ணையில் மாடு மேய்த்தவர். கட்சிக்குக் கொடி கட்டினார், சுவரில் சின்னம் வரைந்தார். தனித்தொகுதியில் நிறுத்த எதிர்த்துப் பேசாத ஆளாகத் தேடிய கட்சி, இவரை அப்படிப்பட்டவர் என்று தவறாக நினைத்து நிறுத்தியது. ஒரே ஒரு முறை உறுப்பினராக இருந்தார்.

சட்டமன்றக் கூட்டத்தொடர் முடிந்ததும் பஸ்ஸில் வந்து இறங்குவார். நேரே வாய்க்கால் மதகில் ஏறி நின்று தெருவுக்குச் சேதி சொல்வார். கேட்டது, சொன்னது, நடக்காதது என்று மூன்றே தலைப்பு. ரேஷன் கடை, தெருவிளக்கு, கடைமடைக்கு வராத தண்ணீர் எல்லாம் அதில் அடங்கிவிடும். ஒருமுறை முருகேசன் சீண்டினான். மந்திரி பதில் சொன்னாரா, தூங்கினாரா என்று கேட்டான்.

"ரெண்டும் ஒரே மாதிரிதான்டா இருந்துச்சு. குறிப்புல பதில்னு எழுதிக்கிட்டாங்க."

தெருவே சிரித்தது. நடக்காதது என்ற தலைப்பில் கடைசியாக எப்போதும் சுடுகாட்டுப் பாதை வரும். அதைக் கேட்டதும் கூட்டம் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொள்ளும்.

ஒரு கோடையில் அது நடக்கப் பார்த்தது. நிலம் எடுக்க உத்தரவு வாங்கிக்கொண்டு வந்தார். சர்வேயர் வந்து வயலில் கல் ஊன்றினார். மண் கொட்டுவது மட்டும் பாக்கி. லாரி வருவதற்குள் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. பண்ணை வீட்டார் கல்லைச் சேற்றில் சாய்த்து உழுதார்கள். நடவுக்கு ஆள் கூப்பிட்டார்கள். இதற்கு வராதவர்கள் அறுப்புக்கும் வர வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள். எங்கள் தெருப் பெண்கள் போனார்கள். என் அம்மாவும் போனாள். கல் நின்ற இடத்திலும் வரிசை பிசகாமல் நட்டார்கள். பிறகு வந்த அதிகாரி, பயிர் நிற்கிறது, அறுத்ததும் பார்க்கலாம் என்று திரும்பிப் போனார். பயிர் விளைவதற்குள் பண்ணை வீட்டார் கோர்ட்டில் தடை வாங்கிவிட்டார்கள்.

அடுத்த முறை மதகில் ஏறியவர் தலைப்பு எதுவும் சொல்லவில்லை. கல்லுக்கு மேல் நாற்று நட்டது யார் என்று கேட்டார். ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். அம்மாதான் எழுந்தாள்.

"நான் நட்டேண்ணே. அடுப்பெரிய வேணாமா?"

"தெரியும் தங்கச்சி. என் பொண்டாட்டியுந்தான் நட்டா. இத்தனை நாளும் அவங்க செய்யாததைச் சொன்னேன். இன்னைக்கு நாம செஞ்சதைச் சொல்ல வந்தேன்."

அவர் மனைவி குஞ்சம்மாள் அத்தை கூட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தார். தெருவே நடவுக்குப் போகும்போது தான் மட்டும் வீட்டில் இருந்தால், எம்.எல்.ஏ. பொண்டாட்டி மெத்தையில் கிடக்கிறாள் என்பார்களே என்று போனதாகப் பின்னால் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

கட்சி அவரை மறுபடி நிறுத்தவில்லை. பதவி போன பிறகும் கோர்ட்டுக்கு அலைந்து அந்தத் தடையை நீக்கினார். ஆனால் மண் கொட்ட யாரும் வரவில்லை. வருஷா வருஷம் பண்ணை வீட்டார் உழுதார்கள், நாங்கள் நட்டோம். அவர் தெருவில் வருவதைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம். அவர் திட்டியிருந்தால் நாங்களும் திட்டியிருக்கலாம். அவர் திட்டவில்லை.

பாடையை நானும் தூக்கினேன். முழங்கால் வரை சேறு. மாலையோடு வந்த கரைவேட்டிகள் ரோட்டிலேயே நின்றுகொண்டன. இப்போதைய உறுப்பினர் மைக் பிடித்து, மறைந்த தலைவர் பெயரில் ஊர் எல்லையில் வளைவு கட்டப்படும் என்றார். பண்ணை வீட்டுக் காரியக்காரர் வரப்பில் நின்று, "ஓரமாப் போங்கப்பா. பொழுது சாயறதுக்குள்ள நட்டுக் குடுத்துருங்க" என்றார். தூக்கியவர்கள் ஒருவரும் பேசவில்லை. இவ்வளவு கோபமாக எழுதும் நானும்தான்.

சாயங்காலம் பெண்கள் நாற்றுமுடிகளோடு வயலுக்குப் போனார்கள். வழக்கத்தை மீறி அத்தை சாவு வீட்டை விட்டு இறங்கி, ஈரத் தலையோடு வரப்புக்கு வந்தார்.

"நடாதீங்கடி. அவரு போன தடம் கிடக்கட்டும்."

அறுப்புக்கு வர வேண்டாமா என்று காரியக்காரர் கேட்டார். அம்மா கையிலிருந்த நாற்றுமுடியை வரப்பில் வைத்தாள். மற்றவர்களும் வைத்தார்கள். எத்தனை நாள் தாங்குவார்கள் என்று எனக்குத் தெரியாது. அறுப்பு வந்தால் தெரிந்துவிடும்.

மாமா, பயிர் இப்போது பச்சை பிடித்துவிட்டது. ரோட்டிலிருந்து பார்த்தால் நடுவே கறுப்பாக ஒரு தடம் சுடுகாடு வரைக்கும் தெரிகிறது. உத்தரவு வாங்கியும் நீங்கள் போட முடியாத பாதையை உங்கள் பிணம் போட்டிருக்கிறது. இதைப் பெருமையாகச் சொல்ல எங்களுக்கு வாயில்லை. போய் வாருங்கள்.

காரியத்தன்று இப்போதைய உறுப்பினர் வந்தார். வளைவை எந்த இடத்தில் வைக்கலாம் என்று விசாரித்தார். அத்தை அவரை வயலோரம் அழைத்துப்போய்த் தடத்தைக் காட்டினார்.

"வளைவு வேணாங்க. இதுல எப்ப மண்ணு கொட்டுவீங்க? அதைச் சொல்லிட்டுப் போங்க."

உறுப்பினர் உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் காரைப் பார்த்தார்.

"எப்பங்க?" என்று அத்தை மறுபடி கேட்டார்.