வெள்ளையாகத் தெரிந்த இடம்

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஆனால் இந்தப் பெங்களூரில் நாற்பது வருஷம் சித்தாளாகக் கலவை சுமந்தவள் நான். எந்தக் கூரை இறுகியிருக்கிறது, எது இறுகவில்லை என்று தட்டிப் பார்த்தே சொல்லுவேன். மேஸ்திரிகளே என்னைக் கேட்பார்கள். அந்தப் பெருமைதான் என் மருமகள் காலைக் கெடுத்தது.

பொம்மனஹள்ளியில் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகிறவள் அவள். பஸ் படியிலிருந்து விழுந்ததில் முட்டிக்குக் கீழே எலும்பு உள்ளே அமுங்கிவிட்டது. ஆபரேஷன் செய்து, அமுங்கினதைத் தூக்கி நிறுத்தினார்கள். அடியில் உண்டான பள்ளத்தில் வெள்ளைக் குருணை மாதிரி ஒன்றை நிரப்பி, பக்கத்தில் தகடு வைத்து ஸ்க்ரூ முடுக்கினார்கள். மூன்று மாதம் காலை ஊன்றவே கூடாது என்றார் டாக்டர்.

ஒரு மாதம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயை வீட்டு ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். நிரப்பின இடம் அவள் சொந்த எலும்பைவிட வெள்ளையாக, கெட்டியாகத் தெரிந்தது.

“இது கல்லாயிடுச்சும்மா. இருபத்தொரு நாள்ல கூரைக்கே அடியில தாங்குற பலகையைப் பிரிச்சிடுவோம். ஊனு.”

“டாக்டர் மூணு மாசம்னாரே அத்தே.”

“அவர் எத்தனை கூரை போட்டாராம்?”

சிரித்தாள். சிரித்துக்கொண்டே வாக்கரைத் தள்ளிவைத்துவிட்டு ஊன்றினாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்ரே மட்டும் காரணம் இல்லை. பெட்பேன் எடுத்து எடுத்து எனக்கு அலுத்துப்போயிருந்தது.

நாலு நாள் அடுப்படிவரை நடந்தாள். ஐந்தாம் நாள் முட்டி வீங்கிவிட்டது. மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம்.

“குருணை பள்ளத்தை அடைக்கத்தான். வெள்ளையாத் தெரிஞ்சா பலம்னு அர்த்தமில்ல. இவங்க எலும்பு அதுக்குள்ள வளர்ந்து பிடிச்சாத்தான் பாரம் தாங்கும். இப்ப தூக்கி நிறுத்தினது மறுபடியும் இறங்கிடுச்சு” என்றார் டாக்டர்.

புதுசாக மண் கொட்டி நிரப்பின இடத்தில் உடனே சுவர் எழுப்பினால் இறங்கும் என்று எனக்குத் தெரியாதா? எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அது தோன்றவில்லை.

“யார் ஊனச் சொன்னது?” என்றான் மகன்.

“குளிக்கப் போனப்ப பாத்ரூம்ல வழுக்கிடுச்சு. தெரியாம ஊனிட்டேன்” என்றாள் அவள்.

“உனக்கு அறிவே இல்லையா?” என்று வார்டில் எல்லார் முன்னாலும் திட்டினான். நான் டிபன் கேரியரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

மறுபடியும் கீறினார்கள். இந்தத் தடவை அவள் இடுப்பெலும்பிலிருந்தே சுரண்டி எடுத்து நிரப்பினார்கள். இரண்டு இடத்தில் வலி.

மூன்று மாதம் போனபிறகு, இனிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னார். ஒரு கையால் ஆஸ்பத்திரிச் சுவர்க் கம்பியையும் இன்னொரு கையால் மகனையும் பிடித்துக்கொண்டு, நல்ல காலில் மட்டும் நின்றாள். டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

“ஊனட்டுமா அத்தே?”

குத்திக்காட்டிக் கேட்கவில்லை. பயந்துபோய்க் கேட்டாள்.

“என்னைக் கேக்காதம்மா. போன தடவை உன்னை ஊனச் சொன்னதே நான்தானே” என்றேன். மகன் கேட்கவேண்டும் என்றே கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.

அவன் என் பக்கம் திரும்பவில்லை. “நீ ஊனு, நான் பிடிச்சிருக்கேன்” என்று அவளிடம் மெதுவாகச் சொன்னான். ஊன்றினாள். தாங்கியது.

ஆட்டோவில் திரும்பும்போது வழியெல்லாம் டிரைவரோடுதான் பேசிக்கொண்டு வந்தான். அவளைத் திட்டின மாதிரி என்னையும் நாலு பேர் முன்னால் திட்டியிருந்தால் தேவலை.