அக்குளில் கட்டிய நெறி

அத்தையின் நீல ரவிக்கையில் இரண்டு கையும் ஒன்றுபோல இருக்காது. இடது கை அளவாகத் தைத்தது. வலது கையின் தையலைப் பிரித்து, மாமாவின் பழைய சட்டைத் துணியை நடுவில் ஒட்டுக் கொடுத்திருந்தாள். அப்பாவின் ஒரே தங்கை அவள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே சவுக்குத் தோப்புகளில் வெட்டிய கட்டையைச் சுமந்து லாரியில் ஏற்றுகிற வேலை. செங்கல்பட்டில் ரயில்வே லைன் ஓரம் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தால், தெருமுனையிலேயே அவள் பேச்சுக் கேட்டுவிடும். அப்படிப்பட்டவள் அந்த வருஷம் பொங்கலுக்கு வந்தபோது, முந்தானையால் வீங்கிய வலது கையை மூடிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அந்த ஒட்டுத்துணி அப்போதுதான் என் கண்ணில் பட்டது.

அத்தை வாழ்க்கைப்பட்ட அந்தக் கடற்கரைப் பக்கத்தில் வீக்கம் யாருக்கும் புதிதில்லை. முதலில் குளிர் காய்ச்சல் வரும். தொடையிடுக்கிலோ அக்குளிலோ நெறி கட்டும். பிறகு கால் வீங்கும். காய்ச்சல் போனாலும் வீக்கத்தில் கொஞ்சம் தங்கிவிடும். கொசுவால் வருவது என்று சுகாதார ஆட்கள் வந்து சொல்லி மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார்கள். மாத்திரை தின்றால் தலை சுற்றுகிறது என்று பாதிப் பேர் கூரையில் செருகி வைத்துவிடுவார்கள். அத்தையின் மாமியாருக்கே இடது கால் உரல் மாதிரி இருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் கிழவி சந்தைக்குப் போவாள், சண்டைக்கும் போவாள். மருமகளின் கையைப் பற்றி யாராவது கவலைப்பட்டால் அவளுக்குக் கோபம் வந்துவிடும்.

"என் காலப் பாரு. கண்ணாலம் ஆன காலத்துலேர்ந்து இத்த இஸ்துகினுதான் திரியறேன். செத்தா பூட்டேன்? இன்னாத்துக்கு ஆளாளுக்குப் பயங்காட்றீங்கோ?"

அவள் சொன்னது பொய்யில்லை. யானைக்கால் ஆளைக் கொல்லாது என்பது அங்கே எல்லோருக்கும் அனுபவத்தில் தெரிந்த விஷயம். அந்தத் தெரிந்த விஷயம்தான் எங்களைக் கெடுத்தது. அத்தையின் அக்குளில் எலுமிச்சங்காய் அளவுக்கு இருந்ததை எல்லோரும் நெறி என்றார்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டார்கள். நெறி கட்டினால் தொட்டாலே உயிர் போகும். அத்தைக்கு வலிக்கவில்லை. காய்ச்சலும் ஒரு நாள்கூட வரவில்லை. வலியில்லை, காய்ச்சலில்லை என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

மாசியில் வளையல் சதையில் புதைந்து போனது. மாமா இடுக்கியால் அதை நெரித்து எடுத்தார். புருஷன் இருக்கும்போதே ஒரு கை மூளியாகக் கிடக்கிறதே என்று மாமியார் அழுது, மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிவிட்டாள். அந்தக் கயிறும் இறுகிப்போகவே, அப்பா போய்த் தங்கையை அழைத்து வந்தார். நான் அப்போது தட்டெழுத்துப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் வகுப்பை விட்டுவிட்டு அத்தையைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். மாமாவும் கூட வந்தார்.

அங்கே இருந்தது ஒரு பெண் டாக்டர். கையை அழுத்திப் பார்த்தார், அக்குளைத் தொட்டுப் பார்த்தார், காய்ச்சல் வந்ததா என்று கேட்டார். இல்லை என்றதும் அவர் முகம் மாறியது. ரவிக்கையைக் கழற்றச் சொல்லி, பெண்பிள்ளை என்று என்னை இருக்கவிட்டு, மாமாவை வெளியே போகச் சொன்னார். மாமா திரைக்கு அந்தப் பக்கம் நின்று என்னிடம் எரிந்து விழுந்தார்: "கொசு கடிச்சதுக்கு ரவிக்கைய இன்னாத்துக்குக் கயட்ட சொல்றாங்கோ?"

அத்தை கழற்றினாள். வலது மார்பில் தோல் சுருங்கி உள்ளே இழுத்திருந்தது. அதன் கீழே கல் மாதிரி ஒரு கட்டி. நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டாக்டர் பிறகு மாமாவையும் அழைத்து நிதானமாகத்தான் சொன்னார். "உடம்புல ரத்தம் மட்டும் ஓடல. இன்னொரு நீரும் ஓடுது. கையில இருக்கிற நீர் அக்குள் வழியாத்தான் திரும்பணும். அந்த வழி அடைச்சா கை வீங்கும். கொசுவால வர்ற புழுவும் அடைக்கும். இவங்களுக்கு அடைச்சது மார்ல வந்த புத்துநோய்." அறுத்து எடுக்கும் கட்டத்தைத் தாண்டிவிட்டது என்றும் சொன்னார். மெட்ராசுக்கு அனுப்பிக் கரண்டு வைத்தார்கள், அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுத்தார்கள். கை இறங்கவில்லை. பார்க்க வரும் ஒவ்வொரு முறையும் மாமா கையைத்தான் முதலில் பார்ப்பார்.

அத்தைக்கு அப்போது இருந்த வயதைவிட இப்போது என் வயது எவ்வளவோ அதிகம். வீக்கத்துக்குக் காரணம் பல என்று தெரிந்துகொண்டிருக்கிறேன். புழுவால் வரும், புற்றால் வரும், புற்றை அறுத்த பிறகும் கரண்டு வைத்த பிறகும் வரும், சிலருக்குப் பிறக்கும்போதே இருக்கும். இதையெல்லாம் அக்கம்பக்கத்துப் பெண்களுக்குச் சொல்கிறேன். கேட்டுக்கொள்கிறார்கள். ஆனால் அத்தை கேட்டிருக்க வேண்டிய காலத்தில் எனக்கே ஒன்றும் தெரியாது.

அந்த வருஷம் மழை பிடித்த ஐப்பசியில் அத்தை எங்கள் வீட்டில்தான் படுத்திருந்தாள். ஒரு மதியம் அவள் கைக்குக் கீழே தலையணை வைத்துக்கொண்டிருந்தேன். தானாகவே சொன்னாள்: "கட்டி போன வருசம் ஆடியிலேயே வந்துச்சி கண்ணு. கை வீங்கனது அதுக்கு அப்பால."

தலையணையை விட்டுவிட்டு நிமிர்ந்தேன். "ஏன் அத்தை சொல்லல?"

"மாருல கட்டின்னு யார்கிட்ட போயி சொல்றது? கை வீங்கனதும், கடவுளா ஒரு வழி காட்னாருன்னு நெனச்சேன். கையப் பாக்கறவங்கோ அதையும் கேப்பாங்கோன்னு இருந்தேன்." வீங்கிய கையை இடது கையால் தூக்கித் தலையணையில் சரியாக வைத்துக்கொண்டாள். "எல்லாரும் கையத்தானே கேட்டீங்கோ."