கலந்துவிட முடியாத இரும்பு

"அக்கா, இரும்புக்கு வைத்தியம் பாக்கறவங்க யாராச்சும் தெரியுமா?"

காலையில் போனில் இப்படிக் கேட்டால் என்ன செய்வீர்கள்? நான் சிரித்தேன். மறுமுனையில் சாந்தாமணி சிரிக்கவில்லை.

மலைமேல் அரவேணு பக்கம் சிறு விவசாயிகள் சிலர் பங்கு போட்டு நடத்தும் டீ ஃபேக்டரிக்கு அவள் மேனேஜர். இலை வாட்டும் தொட்டிகளைப் புதுப்பித்தபோது, அடியில் இருந்த பழைய இரும்புச் சட்டங்களைக் கழற்றி, கீழே சமவெளியில் ஓர் உருக்காலைக்கு அனுப்பியிருக்கிறாள். ஆலை கேட்டில் கதிர்வீச்சைக் கண்டுபிடிக்கும் மிஷின் உண்டாம். லாரி நுழைந்ததும் அது அலறிவிட்டது. போன லோடு அப்படியே மலையேறித் திரும்பி வந்தது!

அதிகாரிகள் வந்து அளந்தார்கள். எப்போதோ, எங்கேயோ, பழைய இரும்போடு கதிரியக்கப் பொருள் ஒன்றும் சேர்ந்து உருகியிருக்கிறது. அந்த இரும்பில் செய்த சட்டங்கள் இவை. "தொழிலாளர்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. ஆனால் தனியாகப் பூட்டி வையுங்கள், உரிமம் உள்ளவர்களிடம் மட்டும் ஒப்படையுங்கள்" என்றார்கள்.

பயப்படாதே என்றால் பயம் போய்விடுமா? வாட்டும் பிரிவில் வேலை செய்யும் பெண்கள் சாந்தாமணியைச் சூழ்ந்துகொண்டார்கள். "எங்க புள்ளைகளுக்கு ஏதாச்சும் ஆயிருமுங்களா?" இந்த இரும்பை ஒழுங்கான கையில் ஒப்படைக்காமல் ஓயமாட்டேன் என்று அவர்களிடம் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

கொடுத்தாளே தவிர... அதை எடுத்துப் போகக் கொட்டேஷன் தர ஆள் வேண்டுமே! கூரையில் ஏறும் குரங்கை விரட்டக்கூட இந்த மலையில் ஆள் கிடைக்கும். 'கதிர்வீச்சு' என்ற வார்த்தையைக் கேட்டதும் போனை வைத்தவர்கள்தான் அதிகம். பழைய இரும்பு வாங்கும் ஒரு ஏஜென்ட் மட்டும் ஆசையாகப் பேசினார். "பில்லும் வேண்டாம், கேள்வியும் வேண்டாம். நாங்க எடுத்துக்கறோம்."

பங்குதாரர்கள் கூட்டத்துக்கு என்னையும் துணைக்கு இழுத்துப் போனாள். தலைவர் ராமசாமி அண்ணன் நல்ல மனிதர். டீத்தூளிலேயே வளர்ந்தவர்.

"இதுக்கு எதுக்கும்மா இத்தனை பாடு? ஒரு லாட் தூள் சுமாரா வந்தா நல்ல தூளோட கலந்துடறோமில்ல? அந்த ஏஜென்டு சின்ன வார்ப்புப் பட்டறைக்குக் கொண்டு போறாராம். அங்க கேட்டுல மிஷினும் இல்ல. அத்தனை இரும்போட கலந்தா தெரியவா போகுது?"

நாலைந்து தலைகள் ஆடின. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறப்பதற்குள் சாந்தாமணி எழுந்துவிட்டாள்.

"ஏனுங்க அண்ணா, அந்தப் பட்டறையில என்ன வார்க்கறாங்கன்னு கேட்டீங்களா? நான் கேட்டனுங்க. தோசைக்கல்லு."

ஆடிய தலைகள் நின்றன. அவள் விடவில்லை.

"முன்னாடி எவனோ ஒருத்தன் இப்படித்தாங்க கலந்துட்டான். அதுதான் நம்ம பொம்பளைங்க நிக்கற எடத்துக்கு வந்து சேந்துச்சு. நான் கலக்க மாட்டனுங்க. கலக்கறதுக்கு வேற மேனேஜரைப் பாத்துக்குங்க."

ராமசாமி அண்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "சரிம்மா, உன் வழியிலயே போ" என்றார்.

அதிகாரிகளை விடாமல் நச்சரித்து, உரிமம் உள்ள ஒரு நிறுவனத்தைப் பிடித்தாள். அவர்கள் வந்து ஒவ்வொரு சட்டமாக மீட்டர் வைத்துப் பார்த்தார்கள். முக்கால்வாசி சுத்தமான இரும்பு! மிச்சத்தை மட்டும் தடித்த பெட்டியில் அடைத்து சீல் வைத்தார்கள். வீரியம் அடங்கும்வரை பாதுகாப்பான கிடங்கில் இருக்குமாம். அதையும் இவள் வாய்வார்த்தையாக நம்பினாளா என்ன? வாட்டும் பிரிவுப் பெண்கள் இருவரைக் கூட்டிக்கொண்டு, லாரிக்குப் பின்னாலேயே ஜீப்பில் இறங்கிப் போனாள். பெட்டி உள்ளே போய்க் கதவு மூடியதைப் பார்த்த பிறகுதான் மூவரும் சாப்பிட்டார்களாம்.

நேற்று அவள் ஆபீஸில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். அந்த ஏஜென்ட்!

"மேடம், லோடு இருக்குங்களா?"

"போயிருச்சுங்க."

"பரவால்லீங்க. உங்களுது மாதிரியே கேட்டுல சத்தம் போட்டுத் திரும்புன லோடு இன்னொரு பார்ட்டிகிட்ட இருக்கு. அதை எடுத்துக்கறோம்."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். சாந்தாமணி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, அதிகாரிகளின் நம்பர் இருந்த டைரியைத் திறந்தாள்.

"அப்படீங்களா? எந்த ஊருப் பார்ட்டிங்க?"