பிளஸ் டூ பிரிவு விழாவில் நான் சொன்னது

எங்கள் பிளஸ் டூ வாட்ஸ்அப் குழுவில் வருஷத்துக்கு ஒருமுறை யாராவது அந்த வீடியோவைப் போட்டுவிடுகிறார்கள். பிரிவு விழா வீடியோ. உடனே ஒருத்தி அழுகிற பொம்மை போடுவாள், ஒருத்தன் விழுந்து விழுந்து சிரிக்கிற பொம்மையை வரிசையாகப் பத்து போடுவான். "அந்த நாள் திரும்ப வருமா மச்சான்" என்று ஒரு குரல் பதிவு வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வரவே வேண்டாம் அந்த நாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பேன். அன்றைக்கு ஆபீசில் என்னிடம் பேச வருகிறவர்கள்தான் பாவம்.

அம்பத்தூரில் கள்ளிக்குப்பம் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளி எங்களுடையது. பிளஸ் டூ பிள்ளைகளை வழியனுப்ப அங்கே ஒரு வழக்கம் உண்டு. வகுப்பு டீச்சர் எல்லார் பெயரையும் துண்டுச் சீட்டில் எழுதி, பால் பவுடர் டப்பாவில் போட்டுக் குலுக்குவார். யார் பெயர் உங்கள் கைக்கு வருகிறதோ அவருக்கு நீங்கள் ஒரு பட்டம் எழுத வேண்டும், சிரிப்பு வரும்படி. எழுதியது யார் என்பது கடைசிவரை ரகசியம். விழாவன்று டீச்சர் பட்டத்தைப் படிப்பார். பட்டம் வாங்கியவர் மேடையேறி, ஜிகினா ஒட்டிய காகிதப் பட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தன் எதிர்காலக் கனவை ஒரு நிமிஷம் பேசிவிட்டு இறங்க வேண்டும்.

எனக்கு வந்த சீட்டில் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவனுடைய பெயர் இருந்தது. யார் எதைக் கேட்டாலும் ஓடிப்போய் வாங்கிவந்து கொடுப்பவன். வெளியே விற்கிற பஜ்ஜி, பிரவுன் ஷீட், பேனா ரீஃபில், எதுவானாலும் அவன்தான். எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. "மூன்று நிமிஷத்தில் பஜ்ஜி, ஐந்து நிமிஷத்தில் போண்டா. நாளைக்கு அம்பத்தூரில் எந்த வீட்டுக் காலிங் பெல் அடித்தாலும் வாசலில் நிற்கப்போவது இவர்தான். டெலிவரி திலகம்!" எழுதிவிட்டு நானே சிரித்துக்கொண்டேன்.

இதை எழுதியவளின் அப்பா அப்போது ஒன்றரை வருஷமாகச் சாப்பாடு டெலிவரிதான் செய்துகொண்டிருந்தார்.

அதற்கு முன்னால் அவர் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத் ஆபரேட்டர். கம்பெனியை ஒரகடம் பக்கம் கொண்டுபோனார்கள். புது மெஷின், காண்டிராக்டில் புதுப் பையன்கள். அப்பாவுக்கும் அவரோடு சேர்ந்தவர்களுக்கும் ஆளுக்கொரு சால்வை போட்டு, சுவர்க்கடிகாரம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நாற்பத்தெட்டு வயதில் வேறு எவன் வேலை கொடுப்பான்? பைக் இருந்தது, ஓட்டத் தெரியும், ஓட்டினார். பள்ளியில் நான் மூச்சுவிடவில்லை. அப்பா எஸ்டேட்டில் சூப்பர்வைசர் என்றே சொல்லிவந்தேன். அங்கே வேலை பார்த்த காலத்திலும் அவர் சூப்பர்வைசராக இருந்ததில்லை.

காலையில் என்னைப் பள்ளியில் விட்டுவிட்டு அப்படியே வேலைக்குப் போவார். அந்த டெலிவரி கம்பெனி டி-ஷர்ட்டோடு கேட் வரைக்கும் வர வேண்டாம் என்று ஒருநாள் சொன்னேன். "அதுக்கு இன்னாமா" என்றார். மறுநாளிலிருந்து இரண்டு தெரு தள்ளி வண்டியை நிறுத்த ஆரம்பித்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்க வேண்டும். ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால்கூட எனக்குப் புத்தி வந்திருக்கும்.

டெலிவரிப் பட்டத்தை டீச்சர் படிக்கும்போது முதல் ஆளாகச் சிரிக்கிறவளை யார் சந்தேகப்படுவார்கள்? இதுதான் என் திட்டம். பதினேழு வயதில் அது பெரிய சாமர்த்தியமாகத் தெரிந்தது. இப்போது நினைத்தால் அந்தப் பெண்ணின் இரட்டைச் சடையைப் பிடித்து உலுக்கலாம் போலிருக்கிறது.

எந்த வருஷமும் இல்லாமல் அந்த வருஷம் பெற்றோரையும் விழாவுக்குக் கூப்பிட்டார்கள். பள்ளியைச் சுற்றி அடுக்குமாடி வீடுகள் வந்துவிட்டன. அங்கே குடிவந்தவர்களுக்கு வீடியோவைக் காட்டிப் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும் என்பது பள்ளியை நடத்தும் கரஸ்பாண்டெண்டின் கவலை. அவரே வகுப்புக்கு வந்து ஓர் உத்தரவு போட்டார். மைக்கைப் பிடித்ததும் முதலில் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று சொல்ல வேண்டும், பிறகுதான் கனவு. "அப்பத்தான் பாக்கறவங்களுக்கு ஒரு இது வரும்" என்றார். அந்த 'இது' என்ன என்று கேட்கிற தைரியம் எங்களில் ஒருத்தருக்கும் இல்லை. நான் வீட்டில் விழாவைப் பற்றிப் பேசவே இல்லை.

விழா நன்றாகத்தான் ஆரம்பித்தது. முதல் பீரியடில் தினமும் தூங்கும் பெண்ணுக்கு 'காலை நேர முனிவர்' என்று பட்டம். அவள் மைக்கில் அப்பாவின் வேலையைச் சொல்லிவிட்டு, "நான் மயக்க மருந்து டாக்டர் ஆவேன். தூங்குறதைப் பத்தி என்னைவிட யாருக்குத் தெரியும்?" என்றாள். தினமும் தாமதமாக வரும் பையனுக்கு 'இரண்டாவது பெல் நாயகன்'. "ஆவடி லோக்கல் ட்ரெயின நான்தான் ஓட்டப்போறேன். அப்போ எவனும் என்ன லேட்டுன்னு சொல்ல முடியாது, வண்டிதான் லேட்டு" என்றான். கூரை பறக்கிற மாதிரி கைதட்டல். நானும் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, எதற்கோ திரும்பிப் பார்த்தேன்.

கடைசி வரிசையில் அப்பா உட்கார்ந்திருந்தார். பெற்றோர் குழுவுக்கு வந்த செய்தியைப் பார்த்துவிட்டுத் தானாகவே வந்திருக்கிறார். கல்யாணத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டை, தண்ணீர் தொட்டுச் சீவிய தலை.

அந்த நேரம் பார்த்து டீச்சர் 'டெலிவரி திலகம்' சீட்டை எடுத்தார். காலிங் பெல் என்ற இடத்தில் அவரே வாயால் டிங் டாங் என்று வேறு சேர்த்துக்கொண்டார். அரங்கமே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். வெறுமனே சிரிக்கவில்லை, பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி ஏதோ சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. ஏன் சிரிக்க வேண்டும்? மழையில் நனைந்து, மாடிப்படி ஏறி, முட்டி வீங்கி வந்து ராத்திரி தைலம் தேய்த்துக்கொள்ளும் மனுஷன், எழுந்து போயிருக்கலாம் அல்லவா? எதைத் தூக்கிப் போட்டாலும் வாங்கி வைத்துக்கொள்கிற அந்தக் குணத்தின்மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

பையன் மேடையேறினான். "எங்க அப்பா ஆட்டோ ஓட்றாரு. நான் ஐடிஐ படிச்சிட்டு ஆவடில ஃபேக்டரி வேலைக்குப் போவணும்" என்றான். கரஸ்பாண்டெண்ட் குறுக்கே புகுந்து, "ஐடிஐ எதுக்குப்பா? வீடியோ எடுக்கறாங்க, இன்ஜினியர்னு சொல்லு" என்றார். அவன் தலையைச் சொறிந்துகொண்டு "இன்ஜினியர்" என்றான். அதற்கும் தட்டினார்கள்.

அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். கேள்வி முடிவதற்குள் கை தூக்குவேன் என்பதால் எனக்கு 'அவசரக் கலெக்டர்' பட்டம். மைக் முன்னால் நின்றபோது கடைசி வரிசை நேராகத் தெரிந்தது. அப்பா கழுத்தை நீட்டி, போனைத் தூக்கிப் பிடித்து என்னைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பயத்தில் வாய் தவறி வந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. நன்றாக யோசித்து, அவரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"என் அப்பா சூப்பர்வைசராகப் பணியாற்றுகிறார். அவருடைய உழைப்பைப் பார்த்து வளர்ந்த நான் ஐஏஎஸ் அதிகாரி ஆவேன்."

அதோடு விட்டிருக்கலாம். கரஸ்பாண்டெண்ட் விடவில்லை. "அப்பா வந்திருக்காரா? கொஞ்சம் எழுந்து நில்லுங்க சார்" என்றார்.

அத்தனை தலையும் பின்னால் திரும்பியது. அப்பாவும் ஒரு நொடி பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே சுவர்தான் இருந்தது. பிறகு போனைப் பையில் போட்டுக்கொண்டு மெல்ல எழுந்து கும்பிட்டார்.

"எந்தக் கம்பெனி சார்?"

அப்பா என்னைப் பார்த்தார். தன்னை வீட்டுக்கு அனுப்பிய அதே கம்பெனியின் பெயரை, அரங்கம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். பிறகு, "இருவது வருசமா அங்கதான் சார் கீறேன்" என்று அவராகவே ஒன்றைச் சேர்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். என் பொய்க்கு முட்டுக்கொடுக்க அன்றைக்குக் கற்றுக்கொண்டார். எல்லாரும் கைதட்டினார்கள். மேடையில் நின்ற நானும் தட்டினேன்.

விழா முடிந்து வண்டியில் ஏறியபோது என்னென்னவோ எதிர்பார்த்தேன். திட்டுவார், இல்லையென்றால் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்வார், ஒரு வாரம் பேசாமல் இருப்பார். அப்படி ஏதாவது செய்ய வேண்டும் என்று மனதுக்குள் கெஞ்சினேன். சிக்னலில் வண்டி நின்றது. அப்பா தலையைப் பாதி திருப்பினார்.

"நல்லா பேசுனமா. ஒரு எடத்துலகூட தடுமாறவே இல்ல."

கிண்டலோ என்று கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. மனதாரத்தான் சொன்னார்.