ஐஸ் பக்டரிக்கு ஒரு செத்தவீடு

இருபக்கமும் வேலி அடைத்த எங்கள் ஒழுங்கையின் முடிவில் துறைமுகக் கடல். கடலுக்குச் சற்று முன்னால் ஐஸ் பக்டரி. பெரிதாக நினைத்துவிடாதீர்கள்: தகரக்கூரை, துருப்பிடித்த கேற், உள்ளே ஓயாமல் இருமும் ஓர் எஞ்சின். அது இருமினால் ஒழுங்கை உறங்கும். இருமல் நின்றால் விழித்துக்கொள்ளும். அதன் ஐஸில் டீசல் மணக்கும். மீன்காரர் ஏசுவார்கள், ஏசிக்கொண்டே வாங்குவார்கள்.

அக்காவின் கணவர், என் அத்தான், அந்த எஞ்சினைப் பார்ப்பவர். காலையில் அவர் சைக்கிளில் போகும்போது வேலிக்கு மேலால் விசாரிப்பார்கள்.

"எப்பிடித் தம்பி, இண்டைக்குக் கொஞ்சம் சுகமோ?"

"விடியப்புறம் மூச்சுத் திணறினது. இப்ப பரவாயில்லை."

இப்படியே வருடக்கணக்காக எஞ்சினுக்கு நோய் விசாரித்துப் பழகிய ஒழுங்கையில், எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், கேற்றில் பூட்டு விழுந்தது. கடன் கட்ட வழியில்லை, பக்டரி வங்குரோத்து என்றார்கள். அந்தச் சொல்லுக்கு என்ன செய்ய வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. செத்தவீடு செய்யத் தெரியும்.

"இவ்வளவு காலம் இழுத்துக்கொண்டு கிடந்த சீவன். சும்மா விடேலுமோ? வெள்ளைக் கொடி கட்டுவம்," என்றார் வள்ளங்கள் வைத்திருந்த சம்மாட்டியார். பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் முன்வீட்டு மாமி உண்மையாகவே அழத் தொடங்கிவிட்டாள். அவளுடைய கணவரும் அங்கேதான் ஐஸ் கட்டி இழுத்தவர். பிறகு எது பகிடி, எது துக்கம் என்று பிரிக்க முடியவில்லை.

இரங்கலுரைக்கு என்னைக் கேட்டார்கள். கேட்காமல் இருந்திருந்தால் நானே போய் நின்றிருப்பேன். அப்போது எனக்கு வேலை இல்லை, நீண்ட தலைமயிர் இருந்தது, இரண்டு கவியரங்கங்களில் ஏறிய தலைக்கனமும் இருந்தது. துணிக்குத் தட்டுப்பாடான காலம். கொடிக்கு வெள்ளை கிடைக்கவில்லை. மூன்றாவது கவியரங்கத்துக்கென வைத்திருந்த புது வேட்டியை எடுத்து வந்து, எல்லோரும் பார்க்கத்தான், கிழித்தேன்.

அத்தானிடம் ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார். பக்டரியை வாங்கும் யோசனையில் இருந்த கிண்ணியா முதலாளி ஒருவரை, வந்து பார்க்கும்படி இரகசியமாக அழைத்திருந்தார். அக்காவுக்கு மட்டும் தெரியும். எங்கள் ஒழுங்கையில் சொன்ன கதை பின்னேரத்துக்குள் சீனன்குடா வரை போய்விடும். அக்கா அப்போது பிள்ளைத்தாச்சி. முதலாளி வாங்காவிட்டால் அத்தான் வேலை தேடிக் கொழும்புக்குப் போக வேண்டும். அக்கா தனியே பெற வேண்டும்.

முதலாளியை எதிர்பார்த்து அத்தான் பஸ் நிலையத்தில் நின்றார். அவரோ யாருடைய காரிலோ ஏறி வேறு பாதையால் நேரே எங்கள் ஒழுங்கைக்கே வந்துவிட்டார்.

வந்தவர் கண்டது: வழி நெடுக வெள்ளைக் கொடிகள், வரிசையாகக் கதிரைகள், பிளேன்டீ, விசும்பும் மாமி, மீன்பெட்டியொன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் நான். அவர் சட்டைப்பையிலிருந்த லேஞ்சியை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு கடைசிக் கதிரையில் அமர்ந்தார்.

நான் பறந்துகொண்டிருந்தேன். "உன் இருமலே எங்கள் தாலாட்டு! நெஞ்சு அடைத்தபோதும் குளிர்ந்த கரம் நீட்டினாய்! நாடி நாடியாய் எண்ணெய் கசிந்தும் நீ ஓயவில்லையே!" கடைசிக் கதிரைக்காரர் கண்ணைத் துடைத்தார். பிறத்தியார் ஒருவர் என் சொல்லுக்கு அழுகிறார்! அவருக்காகவே பேச்சை இன்னும் நீட்டினேன். அதுவரை விட்டுப்போன நோய் வருத்தங்களையும் ஒன்றுவிடாமல் சேர்த்தேன்.

முடிந்ததும் என் கையைப் பிடித்தார். "இந்த நேரத்துல வேற கதை கதைக்கப்படாது தம்பி," என்றார். செத்தவீட்டில் போய் வருகிறேன் என்று சொல்வதில்லை. அவரும் சொல்லாமலே போனார்.

அத்தான் வியர்த்து விறுவிறுக்க வந்து சேர்ந்தபோது சம்மாட்டியார் பெருமையாகச் சொன்னார்: "கிண்ணியாவில இருந்தும் ஒரு முதலாளி வந்தவர். நல்ல மனுசன். கடைசி மட்டும் இருந்தவர்."

அத்தான் கொடிகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நீயெல்லாம் ஒரு..." என்று தொடங்கியவர், முடிக்க நேரமில்லாமல் சைக்கிளைத் திருப்பினார்.

கிண்ணியாத் துறையில், அக்கரை போகக் காத்து நின்ற ஆளைப் பிடித்துவிட்டார். செத்தது மனிதரில்லை, பக்டரிதான் என்று விளக்கியதும் முதலாளி முதலில் முறைத்தாராம், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம்.

"அப்ப இருமல், நெஞ்சடைப்பு, எண்ணெய்க் கசிவு, எல்லாம் அந்த எஞ்சினுக்கா? ஒங்கட மச்சான் ஒண்டும் ஒளிக்கல்ல. இனி அத ஆரு வாங்குவான்?"

அத்தான் சைக்கிளைத் திருப்பப் போயிருக்கிறார்.

"அது சரி, இவ்வளவு வருத்தத்தோட அத இம்மட்டுக் காலமும் ஓட்டின ஆள் ஆரு?"

"நான்தான்."

"அப்ப நீங்க என்ட நெல்லு மில்லுக்கு வாங்க."

பக்டரி திறக்கவேயில்லை. தகரத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள். ஒழுங்கை கனநாள் உறக்கம் வராமல் புரண்டது. அதற்கு என்னைத்தான் ஏசியது. சம்மாட்டியார் முதல் ஆளாக ஏசினார்.

அக்கா அத்தானோடு துறை கடந்து கிண்ணியாவுக்குப் போய்விட்டாள். பிள்ளை பிறந்ததும் பார்க்கப் போனேன். முற்றத்துக் கொடியில் என் கவியரங்க வேட்டி துண்டு துண்டாகக் காய்ந்துகொண்டிருந்தது. அக்கா செத்தவீட்டுக் கொடிகளை அவிழ்த்து வந்து பிள்ளைக்குத் துணியாக்கியிருந்தாள். சற்றுத் தள்ளி மில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நான் காதைக் கொடுத்து, முகத்தைக் கொஞ்சம் உயர்த்தினேன். கவிதை வரும்போது அப்படித்தான் உயர்த்துவேன்.

அத்தான் பதறிப் போனார்.

"லேசா இருமுதுதான். நீ ஒண்டும் பேசிப்போடாதை."