ஏழாம் குடிலின் விருந்தாளி

எங்கள் விடுதியில் பழமை என்பது தினமும் காலை எட்டு மணிக்கு ஆரம்பிக்கும் ஒரு வேலை.

மலைச்சரிவில், ஆற்றை ஒட்டி ஒன்பது மரக் குடில்கள். பலகையில்தான் குடில், பேச்சில் காட்டேஜ். கதவுகள் கிரீச்சிட வேண்டும் என்பதற்காகத் தச்சரிடமிருந்து எண்ணெய்க் குப்பியைப் பிடுங்கி வைத்திருக்கிறோம். அரிக்கேன் விளக்குக்குள் பல்பு எரியும். வெந்நீர்க் குழாயை மரப்பட்டை மூடியிருக்கும். ஒவ்வொரு குடிலிலும் கூரை மூலையில் ஒரே ஒரு சிலந்தி வலை இருக்க வேண்டும் என்பது முதலாளியின் கட்டளை. இரண்டு இருந்தால் அழுக்கு, ஒன்றுமே இல்லாவிட்டால் நகரம். வருகிறவர்கள் பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்பே அந்த வலையைத்தான் படம் எடுப்பார்கள்.

இதையெல்லாம் இருபத்தாறு வருடம் கட்டிக்காத்தவர் மடிப்பம்மா. கட்டில் விரிப்பின் மூலையைக் கடித உறைபோல அவர் மடிக்கும் மடிப்பில் ஒரு ஆள் புரண்டு புரண்டு படுத்தாலும் சுருக்கம் விழாது. அந்த மடிப்பே பெயராகி, சொந்தப் பெயர் சம்பளப் பதிவேட்டோடு நின்றுவிட்டது.

அவருடைய வீடு மரப்பாலத்தைத் தாண்டி அக்கரையில், ஐந்து நிமிட நடை. "குடுத்து வச்சவங்க நீங்க, தினமும் இந்த ஆத்துச் சத்தத்தக் கேட்டுக்கிட்டே தூங்கறீங்க" என்பார்கள் விருந்தாளிகள். அவர் வீட்டுக்குத் தகரக் கூரை. மழை பெய்தால் ஆறு கேட்காது. பெய்யாவிட்டால் எங்கள் ஜெனரேட்டர் கேட்கும். அதைச் சொல்லி அவர்கள் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று "ஆமாங்க" என்றபடி தலையணை உறையை மாற்றிக்கொண்டிருப்பார்.

கண்டிப்பானவர். புதிதாகத் துப்புரவு வேலைக்கு வரும் பெண்களுக்கு மூன்று மாதத் தவணை. அதற்குள் கருத்து அட்டையில் ஒரே ஒரு குறை வந்தாலும் வீட்டுக்குப் போகலாம் என்ற விதி அவர் சொல்லித்தான் வந்தது. அந்த விதியில் இரண்டு பெண்கள் அழுதுகொண்டே பாலத்தைத் தாண்டினார்கள். அப்போது அவருடைய மகனுக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை.

இப்போது மருமகள் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் முடிய மூன்று நாள் பாக்கி. மகன் வேலை பார்த்த பேட்டரிக் கடையை மூடிவிட்டார்கள். மருமகளுக்கு இங்கே வேலை நின்றால் நால்வரும் பேத்தியும் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள். நிற்காவிட்டால் மகன் குடும்பம் கீழே நகரத்துக்குப் போய்விடும். பெட்டியைக்கூடப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டி வைத்தாயிற்று என்று சமையலறையில் பேச்சு.

"போறதுன்னா போகட்டும், நான் என்ன கால்லயா விழப்போறேன்?" என்றாராம் மடிப்பம்மா. சொல்லிவிட்டு அந்தப் பெட்டியின் மேல் அரிசி மூட்டையைத் தூக்கி வைத்துவிட்டார்.

இந்த நேரத்தில்தான் அவருக்கு ஐம்பத்தெட்டு முடிந்தது. விடைகொடுக்கும் கூட்டத்தில் முதலாளி தொலைபேசி ஒலிபெருக்கி வழியாக உருகினார். "இத்தன வருஷம் மத்தவங்களுக்குப் படுக்க விரிச்சீங்க. ரெண்டு நாள் நீங்க விருந்தாளியா வந்து தங்கணும். இது என் ஆச." எல்லோரும் கைதட்டினோம். மழைக்காலம், ஒன்பதில் ஆறு குடில் காலி என்பதை யாரும் நினைவுபடுத்தவில்லை.

மடிப்பம்மா ஏழாம் குடிலைக் கேட்டார். ஏழு, மருமகள் பொறுப்பில் இருப்பது.

"வர்றது விருந்தாளி இல்ல, பறக்கும் படை" என்றார் சமையல்காரர்.

மறுநாள் மதியம் கணவரோடு வரவேற்பறையில் என் மேசைக்கு முன் வந்து நின்றார். கணவர் ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர். உட்கார்ந்த இடத்தில் தூங்கக்கூடியவர். நான் மனப்பாடமாக வரவேற்புரை சொல்ல ஆரம்பித்தேன்.

"தம்பி, மொதல்ல தண்ணி குடுக்கணும். அப்பறம்தான் இதெல்லாம்."

தண்ணீர் கொடுத்தேன். படிவத்தில் 'தொழில்' என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"என்ன போடறது?"

"மாமியார்னு போடு. அதுலருந்து யாரும் ரிட்டையர் ஆக முடியாது" என்றார் கணவர்.

பையைத் தூக்கிக்கொண்டு நானும் ஏழுக்குப் போனேன். கதவு சரியான சுருதியில் கிரீச்சிட்டது. மடிப்பம்மா செருப்பை வாசலில் விட்டார், விருந்தாளிகள் யாரும் விடுவதில்லை. கதவுச் சட்டத்தின் மேல்விளிம்பில் விரலை ஓட்டி விரலைப் பார்த்தார். ஒன்றுமில்லை. கட்டிலுக்கடியில் குனிந்தார். குழாயின் பின்பக்கத்தைத் தடவினார். விரிப்பின் மூலையைத் தூக்கிப் பார்த்தார். மடிப்பு அவருடையதாக இல்லை, வேறு மாதிரி, ஆனால் இறுக்கமாக இருந்தது. முகத்தில் ஏமாற்றம் கூடிக்கொண்டே போனது. கடைசியில் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, மூலையிலிருந்த வலையை வெகுநேரம் பார்த்தார்.

"இருக்கு" என்றார். இறங்கினார். அவ்வளவுதான்.

அதற்குள் கணவர் கட்டிலில் மல்லாந்துவிட்டார். "வந்து உக்காரேன், மெத்த ஜம்முனு இருக்கு."

மடிப்பம்மா கட்டில்வரை போனார். வேலையாட்கள் கட்டிலில் உட்காரக் கூடாது என்பது எங்கள் விதிகளில் முதலாவது. கையால் ஒருமுறை மெத்தையை அழுத்திப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

கதவு தட்டும் ஓசை. "ஹவுஸ்கீப்பிங்!"

மடிப்பம்மா சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். இருபத்தாறு வருடமாக அந்தச் சொல்லைக் கதவுக்கு வெளியே நின்று சொன்னவர். உள்ளே இருக்கும்போது என்ன சொல்ல வேண்டும் என்று தெரியவில்லை.

"யாரு?" என்றார்.

"நான்தான் மேடம். வெந்நீர் ஃபிளாஸ்க்."

"யாருடி மேடம்?"

மருமகள் உள்ளே வந்தாள். முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. "விருந்தாளிய ஒறவு சொல்லிக் கூப்பிடக் கூடாது. ரூல்ஸ், மேடம். நீங்க போட்டதுதான்."

"வாய் மட்டும் நல்லா வேல செய்யுது."

"துண்டு மாத்தணுமா மேடம்?"

"இன்னும் நனைக்கவே இல்ல, அதுக்குள்ள எதுக்கு மாத்தறே? யார் வீட்டுச் சோப்பு?"

கட்டிலிலிருந்து குறட்டை வந்தது. அந்த அறையில் விருந்தாளியாக நடந்துகொண்ட ஒரே ஆள் அவர்தான்.

விபத்து மறுநாள் காலை நடந்தது. கணவர் ஆற்றில் குளித்துவிட்டு, சேற்றுக் காலோடு வராந்தாவிலிருந்து கட்டில்வரை நடந்து தடம் பதித்திருக்கிறார். மடிப்பம்மா அதைப் பார்த்தபோது வாசலில் மருமகள் துடைப்பானோடு நிற்கிறாள்.

"விடு, நான் தொடைக்கறேன்."

"அத்த, நீங்க விருந்தாளி."

"என் வீட்டுக்காரர் மிதிச்ச சேத்த நீ தொடைக்கறதா? கொண்டா இங்க."

இரண்டு பேரும் துடைப்பானின் இரு முனையையும் பிடித்து இழுத்திருக்கிறார்கள். மாமியார் ஜெயித்தார். அறையை முடித்து, வராந்தாவுக்கு வந்து, முழங்காலிட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். "ஈரத்துல கால் வைக்காத. அந்த நாற்காலியில ஏறி உக்காரு. அந்த டீயக் குடி, ஆறுது. விடிஞ்சதுலருந்து நின்னுக்கிட்டே இருக்கே."

மருமகள் பிரம்பு நாற்காலியில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்து, விருந்தாளிக்கான கோப்பையில் விருந்தாளிக்கான டீயைக் குடித்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான், கைபேசியை முன்னால் நீட்டிப் பிடித்தபடி மேனேஜர் படியேறினார். கைபேசிக்குள் முதலாளி இருந்தார். 'ஓய்வெடுக்கும் நம் ஊழியர்' என்று போட ஒரு படம் வேண்டுமாம்.

முதலாளி பார்த்தார். ஐம்பத்தெட்டு வயது விருந்தாளி முழங்காலில். தவணைக்காலத்துப் பணிப்பெண் நாற்காலியில்.

"என்னய்யா நடக்குது அங்க?" என்றது கைபேசி.

மேனேஜர் இளைஞர். முதலாளியின் குரல் உயர்ந்தால் உடனே விதிப்புத்தகத்தைத் தேடுவார். பதினோரு மணிக்கு இருவரையும் என் மேசைக்கு வரச்சொன்னார்.

"நான்தான் பிடிவாதமா வாங்கித் தொடச்சேன். அவ என்ன பண்ணுவா?" என்றார் மடிப்பம்மா.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன். ரூம் சுத்தமா இருந்துதா?"

"இருந்துது" என்று சொல்ல அவருக்கு நேரம் பிடித்தது.

"சுத்தமா இருந்துதுன்னா நீங்க ஏன் தொடச்சீங்க? விருந்தாளிய வேல வாங்கினதா ஆகும். அழுக்கா இருந்துதுன்னா, அதுவும் இவங்க தப்பு. ரெண்டுல ஒண்ணுதானே? முதலாளி கார்டப் பாத்து முடிவு பண்ணச் சொல்லிட்டாரு. நீங்க என்ன எழுதறீங்களோ அதான். ரூல் உங்களுக்கே தெரியும்."

மருமகள் மேசை மேலிருந்த அழைப்புமணியை முந்தானையால் ஒருமுறை துடைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் காலை அறையைக் காலிசெய்ய வந்தார்கள். "ஸ்டூல்லயே உக்காந்து உக்காந்து தூங்கறா. நான் மட்டும்தான் ரெண்டு நாளா மெத்தையில இருந்தேன்" என்றார் கணவர். நான் கருத்து அட்டையை நீட்டினேன். இத்தனை வருடமாக அந்த அட்டைகளை அறைகளிலிருந்து பொறுக்கி, பிரிக்காமல் என் மேசையில் சேர்த்தவர் மடிப்பம்மா. உள்ளே என்ன இருக்கும் என்று மேனேஜர்களின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். இப்போதுதான் முதல்முறையாகக் கேள்விகளைப் பார்க்கிறார்.

"படிச்சுச் சொல்லு தம்பி, கண்ணாடி பைக்குள்ள இருக்கு."

"அறை சுத்தமாக இருந்ததா?"

மடிப்பம்மா என் மேசை விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டார்.

"சொல்லேன், தொண்டையில என்ன முள்ளா?" என்றார் கணவர்.

"மிக நன்று. அந்தக் கட்டத்துல போடு."

"பணியாளர் மரியாதையாக நடந்துகொண்டாரா?"

"மேடம் மேடம்னு உயிர எடுத்தா. மிக நன்று."

"வேறு ஏதேனும் குறை?"

"பேனாவக் குடு. இத நானே எழுதறேன்."

பையைத் துழாவிக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு எழுத்தாக, விரிப்பின் மூலையை மடிப்பதுபோல அழுத்தி அழுத்தி எழுதினார். எழுதி முடித்ததும் வழக்கம்போல இரண்டாக மடித்து என்னிடம் தந்தார். பக்கத்தில் காத்திருந்த மேனேஜர் வாங்கிப் பிரித்தார், நான் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தேன்.

'அறை சரி. பணிப்பெண் சரி. விருந்தாளிதான் சரியில்லை. சொன்ன பேச்சு கேட்கவில்லை. அடுத்தவர் வேலையைப் பிடுங்கிச் செய்தார். கட்டில் இருக்க ஸ்டூலில் உட்கார்ந்தார். இவருக்கு இனிமேல் அறை கொடுக்க வேண்டாம்.'

மேனேஜர் இரண்டு முறை படித்தார். அட்டையில் குறை இருந்தது; ஆனால் பணிப்பெண் மேல் இல்லை. குறை வந்தால் நடவடிக்கை உண்டு என்பதும் விதி. கண்ணாடியை உடைத்தவர்கள், குடித்துவிட்டுக் கலாட்டா செய்தவர்கள் பெயரை எழுத எங்களிடம் ஒரு நோட்டு இருக்கிறது: 'அறை தரக் கூடாதவர்கள்'. முதலாளியிடம் தொலைபேசியில் கேட்டு, அவர் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, மேனேஜர் அதில் மடிப்பம்மாவின் பெயரைப் பதிவுசெய்தார். அன்றே மருமகளின் பணி நிரந்தரக் கடிதத்தை நான் தட்டச்சு செய்தேன். இரண்டுக்கும் ஒரே முத்திரை.

"அப்ப எனக்குத் தடை இல்லல்ல?" என்று கேட்டார் கணவர், மெத்தையை நினைத்தபடி.

வாசலில் மருமகள் துண்டுக் கூடையோடு நின்றிருந்தாள். மடிப்பம்மா சாவியை என் மேசையில் வைத்துவிட்டு அவளைத் தாண்டிப் போகப் பார்த்தார்.

"அத்த, என்னப் பத்தி நல்லதா எழுதினீங்களாமே."

"நான் விருந்தாளியப் பத்தி எழுதினேன். உன்னப் பத்தி எழுதறதா இருந்தா அந்தக் கார்டு பத்தாது."

மருமகள் சிரித்தாள். மாமியார் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தினார், கதவு திறந்திருந்ததால் எனக்குக் கேட்டது.

"அந்த மூல வலை. பஞ்சுதானே?"

மருமகளின் கையில் கூடை சாய்ந்தது. "மொத வாரமே தொடப்பம் பட்டுக் கலைஞ்சிருச்சு அத்த. பயத்துல தலகாணிப் பஞ்ச இழுத்து ஒட்டி வச்சேன். எப்ப பாத்தீங்க?"

"வந்த அன்னிக்கே. ஸ்டூல்ல ஏறினப்ப."

"அப்ப ஏன் எழுதல?"

"பஞ்ச இன்னும் மெல்லிசா இழுக்கணும். இழுத்துட்டுத் தவிடு ஒரு சிட்டிக ஊதி விடணும், அப்பத்தான் தூசி படிஞ்ச மாதிரி தெரியும். உன்னோடது கொசுவல மாதிரி இருக்கு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இருபத்தாறு வருஷமா எந்தச் சிலந்திடி ஒரே மூலையில குடியிருக்கும்?" என்று சொல்லிவிட்டு மடிப்பம்மா பாலத்தை நோக்கி நடந்தார். போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாகப் பெட்டியின் மேலிருந்த அரிசி மூட்டையை இறக்கினார் என்று மருமகள் பிறகு சொன்னாள்.

அடுத்த வாரம் ஏழில் தங்கிய தம்பதி அட்டையில் எழுதியிருந்தார்கள்: 'எல்லாம் மிக இயற்கை. வலை அற்புதம். சிலந்தியைத்தான் கடைசிவரை பார்க்க முடியவில்லை.'

இதைக் குறையாகச் சேர்க்கலாமா என்று மேனேஜர் என்னைக் கேட்டார். மூன்று மாதம் முடிந்துவிட்டது சார் என்றேன்.